ஹீட்டருக்குள் பச்சைத்தண்ணீர்

நான் துபாயில் வெந்நீர் போடும் வேலை பார்த்தவன். சிரிக்க நினைக்கிறவர்கள் முதலிலேயே சிரித்துவிடலாம். என் மைத்துனன், "எங்க மச்சான் அடுப்புக்குள்ள உக்காந்து அடுப்பு விக்காரு" என்று தூத்துக்குடியில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவனுக்கு வளைகுடாவின் ஜனவரி தெரியாது. விடியுமுன் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவன், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வருகிற தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் பல் தந்தி அடிக்கும். அதுவும் முந்நூறு பேர் ஒரே கட்டடத்தில் ஒரே நேரத்தில் குளிக்கிற லேபர் கேம்ப் என்றால், வெந்நீர் என்பது விளையாட்டு விஷயமில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகும் கம்பெனிப் பிள்ளைகள் போன் செய்வார்கள். போன மாதம் ஒருவன் சொன்னான், இப்போதெல்லாம் வேலை முடிந்த கட்டடத்தை ஒப்படைக்க யாரும் சைட்டுக்குப் போவதில்லையாம். குழாய்க்குக் குழாய் சென்சார். ஆபீசில் லேப்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தால் கையெழுத்து. "நீங்கள்லாம் எப்பிடிண்ணே செக் பண்ணுவீங்க?" என்று, நான் ஏதோ சிக்கிமுக்கிக் கல் உரசியவன் மாதிரிக் கேட்டான். "குளிச்சுப் பாப்போம்டா" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐடிஐயில் ஏசி மெக்கானிக், தூத்துக்குடியில் மீன் ஐஸ் ஆலையில் மூன்று வருடம், பிறகு குவைத்தில் அப்பாசியாவில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்துகொண்டு ஏசி கழுவும் வேலை. அங்கிருந்து ஷார்ஜா. கல்யாணமாகிக் குடும்பத்தையும் கூட்டிவந்தேன். சூசைராஜ் என்ற பெயர் அரபிகள் வாயில் நுழையாமல் "சுசா" ஆனது அந்த நாட்களில்தான். குளிர வைக்கிற தொழிலிலிருந்து சுட வைக்கிற தொழிலுக்கு மாறியது நாற்பது வயதுக்கு மேல். கரண்டைக் குறைக்க வேண்டும், புகையைக் குறைக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் பேச ஆரம்பித்த சமயம். கேம்ப்களில் குளியலறைக்கு ஒன்றாக மாட்டியிருந்த கரண்ட் ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, மொட்டைமாடியில் ஹீட் பம்ப் வைத்துக் கட்டடம் முழுவதற்கும் அங்கிருந்தே வெந்நீர் அனுப்பும் வேலை அது. ஹீட் பம்ப் என்றால் பயப்பட வேண்டாம். ஏசி எந்திரம்தான், தலைகீழாக வேலை செய்யும். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். ஹீட்டர் தின்கிற கரண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

அந்தத் துபாய்க் கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் சிவனேசன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சைட்டுக்கு வரும்போது மற்ற இன்ஜினியர்கள் கையில் டேப் இருக்கும், ஐபேட் இருக்கும். இவர் தோளில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் ஒரு துவாய், ஒரு சோப்புப் பெட்டி, ரப்பர் செருப்பு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு சீப்பு.

ஒப்படைக்கும் நாளில் அவருடைய முறை இதுதான். எந்திரத்துக்கு மிகத் தொலைவில் இருக்கிற குளியலறையை அவரே தேர்ந்தெடுப்பார். நாம் காட்டுகிற குளியலறைக்குப் போகமாட்டார். குழாயைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வெந்நீர் வந்து சேர எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வார். தெர்மாமீட்டரைப் பிடித்து அதையும் குறிப்பார். பிறகு தண்ணீரை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்ப்பார். "உள்ளங்கையை நம்பாதையும் சூசை, அது வேலை செஞ்சு காய்ச்சுப் போயிருக்கும்" என்பார். அதன்பின் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்புப் போட்டு, உள்ளபடியே குளிப்பார். வெளியே கிளையன்ட் தரப்பு ஆட்கள் கோட்டு சூட்டோடு காத்துக்கொண்டு நிற்பார்கள். பத்து நிமிடம் கழித்துத் தலையைச் சீவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவார். எங்கள் பழைய பேப்பர்களில் அவர் கையெழுத்துப் பக்கத்தில் ஈரப்பொட்டு இல்லாத பேப்பர் அபூர்வம். 'குளியல் சார்' என்று நாங்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும்.

ஒரு டிசம்பரில் துபாய் ஓரத்துச் சோனாப்பூரில் எங்களுக்கு ஒரு கேம்ப் கிடைத்தது. மூன்று மாடி, மாடிக்குப் பன்னிரண்டு குளியலறை, ஆக முப்பத்தாறு ஹீட்டர். ஒவ்வொன்றும் குளியலறைக்கு மேலே பொய்க்கூரைக்குள் படுத்திருந்த பெரிய தொட்டி. ஜனவரியில் கழற்ற ஆரம்பித்தோம். நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் நின்றுகொண்டிருந்த ஒருவர், நாங்கள் ஏணி போட்டு இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. விழுப்புரம் பக்கம், சென்ட்ரிங் கார்பெண்டர், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, இத்த எல்லாத்தையும் எடுத்துட்டுப் பூடுவீங்களா?"

"ஆமா. இனி மாடியில இருந்து வெந்நி வரும். இதவிட ஜோரா இருக்கும்."

"வெந்நி சரிண்ணே. வெய்யக்காலத்துக்கு இத்த வுட்டுட்டுப் போங்களேன். வேணும்."

நான் சிரித்தேன். ஏணியின் மேலிருந்தே சொன்னேன்: "வெயில் காலத்துல ஹீட்டர வச்சு என்னய்யா பண்ணப் போற? முட்டை அவிக்கவா?"

என் கூட வேலை பார்த்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சங்கடமாகக் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஏதோ சொல்ல வந்தார், நான் சிரித்ததால் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஏணியை அடுத்த குளியலறைக்கு நகர்த்தினேன்.

சிவனேசன் சார் வந்தார், குளித்தார், கையெழுத்திட்டார். ஜனவரிக் குளிருக்கு அந்த வெந்நீர் சொர்க்கம். கேம்ப் ஆட்கள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிளையன்ட் தரப்பில் ஒரு பாராட்டுக் கடிதமே வந்தது. அதை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஜெசிந்தாவிடம் காட்டினேன். ஜெசிந்தா என் மனைவி.

இந்த ஜெசிந்தா ஒவ்வொரு வருடமும் மே மாதம் ஒரு காரியம் செய்வாள். வளைகுடாவில் இருந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவாள். வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும். பச்சைத்தண்ணீர் வரவேண்டிய நீலக் குழாயைத் திறந்தால் தோல் உரியும். ஆனால் ஹீட்டர் வீட்டுக்குள் ஏசிக் குளிர்ச்சியில் இருக்கிறது. அணைத்துப் போட்டால் அதற்குள் இருக்கிற தண்ணீர் பகல் முழுவதும் ஆறி, பச்சைத்தண்ணீராக நிற்கும். "ஏங்க, இன்னைல இருந்து செவப்புக் கொழாயில குளிங்க" என்று அறிவிப்பு வந்துவிடும். வளைகுடாவில் கோடை பிறந்ததற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

இருபது வருடமாக என் வீட்டில் நான் குளிக்கிற முறை இது. ஏணியின் மேல் நின்றபோது இது என் புத்தியில் வரவில்லை. வீட்டில் ஹீட்டர் என்றால் எனக்குக் கோடைத் தண்ணீர். வேலையில் ஹீட்டர் என்றால் கரண்ட் தின்கிற எந்திரம். இரண்டும் ஒன்றுதான் என்று என் மண்டைக்குள் யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒருவரையும் கேலி செய்து அனுப்பிவிட்டேன்.

ஜூன் கடைசியில் கேம்ப்பிலிருந்து புகார் வந்தது. 'தண்ணீர் மிகவும் சூடாக இருக்கிறது' என்று ஒரே வரி. ஹீட் பம்ப்பில் செட்டிங் மாறியிருக்கும் என்று நினைத்துத் தனியாகப் போனேன். செட்டிங் சரியாகத்தான் இருந்தது. நீலக் குழாயைத் திறந்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த நொடியில்தான் எனக்கு ஏணியும் முட்டையும் ஞாபகம் வந்தன.

இரண்டாம் மாடியில் ஒரு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எட்டுப் பேர் தங்கும் அறை. கட்டில்களுக்கு நடுவே நடக்க இடமில்லாமல் பக்கெட்டுகள். தொட்டி கொஞ்சம் ஆறியிருக்கிற விடியற்காலையில் பிடித்து வைத்து, ஏசியில் பகல் முழுவதும் ஆறவிட்டு, சாயங்காலம் வந்து குளிக்கிறார்கள். கீழ்க்கட்டிலில் ஒருவர் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே" என்றார் ஏழுமலை.

தரையில் சிந்தியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிவு. அது மட்டுமென்றால் ஆறிவிடும். அறைக்குள் தண்ணீர் சேர்த்து வைக்கக் கூடாது என்பது அந்தக் கேம்ப் விதி. விதியை மீறி விழுந்தார் என்று கேம்ப் மேனேஜர் அறிக்கை எழுதிவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு விசா புதுப்பிக்க வேண்டும். அறிக்கை அப்படியே மேலே போனால் புதுப்பிக்க மாட்டார்கள். மாவுக்கட்டு பிரித்ததும் டிக்கெட்தான். தச்சனுக்கு வலது கை முறிந்த நேரத்தில் வேலையும் போனால் ஊரில் போய் என்ன செய்வார்?

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் சொன்னார். 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று ஏழுமலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டீ சொல்லட்டுமாண்ணே?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் சிவனேசன் சாரைக் கூட்டிப் போனேன். புகாரைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். பஸ்கள் வரும் நேரம் வரை காத்திருந்தார். சிமெண்டும் வியர்வையுமாக ஆட்கள் இறங்கினார்கள். சார் துணிப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். "சாப், ஆப் ஜாவோ" என்று முன்னால் விட்டவர்களிடம் வேண்டாமென்று தலையாட்டினார். முக்கால் மணி நேரம் நின்று தன் முறை வந்ததும் உள்ளே போனார். எப்போதும் பத்து நிமிடம் ஆகும். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தார். தோள் இரண்டும் சிவந்திருந்தன. தலை நனையவில்லை.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறினோம். அங்கே நேபாளி வாட்ச்மேன் ஹீட் பம்ப்பின் காற்றாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க என்ன செய்யிறார்?" என்று சார் கேட்டார். "குளிர் காத்து வருது சார்" என்றேன். சமையலறைக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் கோடையிலும் வெந்நீர் வேண்டும், அதனால் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சூட்டை உறிஞ்சிவிட்டுக் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளுகிறது. சார் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். பிறகு பத்தடி தள்ளிக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்தில இருந்து எடுக்கிற சூட்டை இந்தத் தொட்டித் தண்ணியில இருந்து எடுத்தா என்ன?" என்றார்.

எனக்கும் அதே நேரத்தில் புரிந்தது. கோடையில் எந்திரத்தைத் தொட்டியோடு இணைத்துவிட்டால், அங்கே சமையலறைக்கு வெந்நீர், இங்கே குளிக்கப் பச்சைத்தண்ணீர். ஒரே கரண்டில் இரண்டு வேலை. மிஞ்சுகிற சூட்டைக் காற்றில் விட்டுவிடலாம். தொட்டிக்கு மேலே நிழல் போட்டு, உடம்புக்குக் கம்பளி மாதிரி உறை சுற்ற வேண்டும். சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய நேரம். எனக்குக் குதிக்க வரவில்லை. தண்ணீர் ஆறிவிடும், ஏழுமலையின் அறிக்கை ஆறாது.

காரில் ஏறியதும் சொன்னேன். "சார், நாந்தான் சார் தப்பு. ஜனவரியிலயே அந்த ஏழுமலை எங்கிட்ட சொன்னாப்புல. வெயில் காலத்துக்கு ஹீட்டர் வேணும்னு. நாந்தான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"உம்மட வீட்டில வெயில் காலத்தில என்ன செய்யிறனீர்?"

"ஹீட்டர அணைச்சுப்போட்டு அதுல குளிப்போம் சார்."

"நானும் அப்பிடித்தான்" என்றார். "இருவத்திரெண்டு வருசமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரே தொடர்ந்தார். "நான் குளிச்சுப் பாத்துத்தானே கையெழுத்து வச்சனான். ஜனவரியில குளிச்சுப்போட்டு ஜூனுக்கும் சேத்து வச்சிட்டன். சரி. நடந்ததை எழுதும். நாளைக்கு எனக்கு வேணும்."

அன்று வீட்டில் எழுதினேன். எழுதும்போது மனிதனுடைய சாமர்த்தியம் எப்படியெல்லாம் வேலை செய்கிறது தெரியுமா? 'ஹீட்டர்களை அகற்றும்போது தங்கியிருப்பவர் ஒருவர் இதுபற்றிக் குறிப்பிட்டதாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தேன். யாரோ யாரிடமோ எங்கேயோ சொன்ன மாதிரி. மறுநாள் சார் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்தார்.

"ஆர் சொன்னது?"

"ஏழுமலை சார்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"நீர் என்ன சொன்னனீர்?"

சொன்னேன்.

"அப்ப அப்பிடியே எழுதும். முட்டையையும் சேத்து."

எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த முட்டையை எழுத இரண்டு பேப்பரைக் கசக்கிப் போட்டேன். அடியில் என் கையெழுத்து. அதற்குக் கீழே, 'கோடைக்கால நிலையைச் சோதிக்காமல் ஒப்புதல் அளித்தது நான்' என்று அவர் ஒரு வரி எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். கிளையன்ட் கூட்டத்தில் அதை அவரே எழுந்து நின்று படித்தார். கேம்ப் மேனேஜரும் அங்கே இருந்தார். அறைகளில் பக்கெட் வைத்தது விதிமீறல் அல்ல, நாங்கள் எடுத்துக்கொண்டு போன தண்ணீருக்கு அவர்கள் செய்துகொண்ட மாற்று ஏற்பாடு, அதனால் விபத்து அறிக்கையில் காரணத்தைத் திருத்த வேண்டும் என்றார். குரலை உயர்த்தாமல் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை மேனேஜர் சரியென்றார்.

எனக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தாவிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். "போனா போகட்டும், நீங்க எழுதுனது சரிதான்" என்றாள், வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. போகவில்லை. சிவனேசன் சாருக்கு அந்த வருடம் வரவேண்டிய பெரிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் பேச்செடுத்தால், "விடும், எனக்கு மேசை வேலை ஒத்து வராது" என்பார். என் வாழ்நாளில் நான் பட்ட கடன்களில் பெரியது அதுதான். அதை நான் இன்றுவரை அவரிடம் ஒழுங்காகச் சொன்னதுகூட இல்லை.

அந்த மாற்று வேலையை மூன்று வாரத்தில் முடித்தோம். நான் விடுமுறை எடுக்கவில்லை. ஜூலைக் கடைசியில், பஸ்கள் வரும் சாயங்கால நேரத்தில், எந்திரத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிட்ட இரண்டாம் நாள், சார் துணிப்பையோடு வந்தார். குளியலறைப் பக்கம் போகாமல் நேராக இரண்டாம் மாடி அறைக்குப் போனார்.

"ஏழுமலை, இந்த முறை நீங்கதான் குளிச்சுப் பாத்துச் சொல்ல வேணும். நீங்க சரி எண்டாத்தான் நான் கையெழுத்து வைப்பன்."

ஏழுமலை திகைத்துப்போய் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இத்த வச்சிக்கினு எப்பிடி சார்?"

"சூசை ஊத்துவார்" என்றார் சார்.

பெரிய தண்டனையாக நினைத்துத்தான் சொன்னாரா, பெரிய உபகாரமாக நினைத்துச் சொன்னாரா தெரியாது. நான் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏழுமலையோடு குளியலறைக்குள் போனேன். மாவுக்கட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். கையை உயர்த்திச் சுவரில் வைத்துக்கொண்டு, லுங்கியோடு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். முதுகு முழுவதும் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. நீலக் குழாயைத் திறந்து முதலில் என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். பிறகு கப்பில் பிடித்துத் தோளில் மெதுவாக ஊற்றினேன். அவர் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. இன்னும் இரண்டு கப் ஊற்றினேன்.

"விசா ஸ்டாம்பிங் ஆயிட்ச்சிண்ணே. காலைல மேனேஜர் சொன்னாரு."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

"அன்னிக்கி நான் சொன்னத நீங்க காயிதத்துல எழுதிக் குடுத்தீங்களாமே. எம் பேரு போட்டு?"

"ஆமாய்யா. அத அன்னைக்கே கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிக்க."

தண்ணீர் அவர் முதுகில் ஓடி என் காலை நனைத்துக்கொண்டு போயிற்று.

"பதினோரு வருசமா இந்த ஊர்ல கீறேண்ணே. கையெழுத்துப் போடுன்னு என்னாண்ட எம்மாம் காயிதம் குடுத்துக்கிறாங்க. நான் சொன்னத ஒருத்தரும் எழுதனதில்ல."

வெளியே சார் கதவைத் தட்டினார். "எப்பிடி இருக்காம் சூசை?"

ஏழுமலை தலையைத் திருப்பி, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"குளுருது சார்! எழுதிக்கோங்க!"